கொதிக்கிற பாலில் உறை ஊற்றலாமா?

காய்ச்சி இறக்கிய பாலில் உடனே உறை ஊற்றுகிறவர் யாரும் இல்லை. பால் ஆறட்டும் என்று விட்டு, விரலை நனைத்துப் பார்த்து, கை பொறுக்கிற வெதுவெதுப்பு வந்த பிறகுதான் ஒரு கரண்டி மோரை விட்டுக் கலக்குவார்கள். மார்கழியில் அந்தப் பாத்திரத்தைத் துணி சுற்றி அரிசிப் பானைக்குள் வைப்பார்கள். சித்திரையில் அது தேவையே இல்லை, மதியத்துக்குள் தோய்ந்து புளிக்கவும் தொடங்கிவிடும். தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் பாடமாகச் சொல்லித் தராமலே தலைமுறை தலைமுறையாக வந்திருக்கும் இந்தப் பழக்கத்துக்குள் ஒரு விதி இருக்கிறது: நெருப்பு முதலில், உயிர் பிறகு. பாலைக் காய்ச்சுவது வேண்டாத கிருமிகளை ஒழிக்க; ஆறவைப்பது வேண்டிய கிருமிகளைக் காப்பாற்ற. புராசஸ்டு சீஸில் நன்மை செய்யும் பாக்டீரியாவை உயிரோடு சேர்க்க முடியுமா என்ற கேள்வி இன்று உணவு ஆய்வுக்கூடங்களில் கேட்கப்படுகிறது. முடியும் என்பதே என் கருத்து. ஆனால் உறை ஊற்றும் அதே வரிசையில்தான் அது முடியும். அதற்கு விலையாக, புராசஸ்டு சீஸின் பெரிய பெருமையான நீண்ட ஆயுளை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

அந்தப் பெருமை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் சிக்கல் விளங்கும். சாதாரண சீஸ் என்பது பாலைத் திரைத்து, நீரைப் பிழிந்து, உப்பிட்டு, குளிர்ந்த அறையில் மாதக்கணக்கில் பழுக்கவைப்பது. அதற்குள் பாக்டீரியா கடைசிவரை வேலை செய்துகொண்டே இருக்கும். குளிர்நாட்டில் இது பிரச்சினை இல்லை. வெயில் நாடுகளுக்குக் கப்பலில் ஏற்றினால் எண்ணெய் கக்கி, ஊதி, கெட்டுப்போகும். சுவிட்சர்லாந்தின் தூன் நகரில் வால்டர் கெர்பரும் ஃபிரிட்ஸ் ஸ்டெட்லரும் 1911-ல் இதற்கு வழி கண்டார்கள். எமென்டால் சீஸைத் துருவி, சோடியம் சிட்ரேட் சேர்த்து உருக்கினார்கள். வெறும் சீஸைச் சூடாக்கினால் கொழுப்பு தனியாகப் பிரிந்து எண்ணெயாக மிதக்கும். புரதம் ரப்பராகச் சுருளும். சீஸின் புரதத்தை இறுகக் கட்டி வைத்திருப்பது கால்சியம். சிட்ரேட் அந்தக் கால்சியத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ள, புரதம் இளகி நீரையும் கொழுப்பையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. பாத்திரத்தில் பளபளவென்று ஒரே பிசினாக ஓடும் அந்தக் கலவையை வார்த்து மூடினால், ஆறியபின் வெட்டக்கூடிய கட்டியாகிவிடும். 1916-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கிராஃப்ட் தன் சொந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார். முதல் உலகப் போரில் அந்நாட்டுப் படைகளுக்கு டின்களில் சீஸ் போனது. பழுக்கவும் வேண்டாம், கெடவும் கூடாது என்பதே இந்தப் பொருளின் பிறவிக் குணம். உள்ளே எதுவும் உயிரோடு வேலை செய்யாததுதான் அதன் வெற்றி.

அப்படிப்பட்ட ஒன்றுக்குள் உயிரைக் கொண்டுவருவது எவ்வளவு கடினம் என்பதை ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம். உருக்கும் சூடு பொதுவாக 75 முதல் 95 டிகிரி செல்சியஸ். சில நிமிடங்கள் அதே சூட்டில் கிளறுவார்கள். பாலைப் பாஸ்டரைஸ் செய்ய 72 டிகிரியில் 15 விநாடியே போதும் என்னும்போது, இந்தச் சூட்டில் லாக்டோபேசில்லஸ் போன்ற நல்ல பாக்டீரியா வகைகள் பிழைக்க வழியில்லை. சூட்டுக்குத் தப்பினாலும், உருக்கப் பயன்படும் பாஸ்பேட் உப்புகள் இவற்றைப் போன்ற கிராம்-பாசிட்டிவ் பாக்டீரியாவின் செல்சுவரைப் பதம் பார்க்கின்றன. அதற்கும் மேல், சில தயாரிப்புகளில் நைசின் என்ற பாதுகாப்புப் பொருள் சேர்க்கப்படும். பாட்டுலினம் போன்ற ஆபத்தான இனங்கள் அடங்கிய கிளாஸ்ட்ரிடியம் வகையின் வித்துகள் முளைத்துவிடாமல் தடுக்கவே அது. அந்த நைசினை உருவாக்குவதே பாலில் வாழும் லாக்டோகாக்கஸ் என்ற ஒரு நல்ல பாக்டீரியாதான். ஆனால் அது தன் சொந்தக்காரர்களையும் விட்டுவைப்பதில்லை. கடைசியாக, டப்பாவையும் சுத்தப்படுத்தட்டும் என்று சூடு தணியாமலே வார்த்து மூடுகிறார்கள். கெடாமல் இருப்பதற்காக எடுத்துக்கொண்ட ஒவ்வொரு முன்னெச்சரிக்கையும் நாம் சேர்க்க நினைக்கும் விருந்தாளிக்கு எதிரானது.

இப்படிச் சேர்க்க நினைக்கும் நல்ல பாக்டீரியாவைக் குறிக்கும் புரோபயாட்டிக் என்ற சொல்லுக்கு வாய்க்கு வந்த பொருள் கிடையாது. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் 2001-ல் வகுத்த விளக்கத்தின்படி, உயிரோடும் போதிய எண்ணிக்கையிலும் உட்கொள்ளப்பட்டு உடலுக்கு நன்மை தரும் நுண்ணுயிரே புரோபயாட்டிக். உயிர், எண்ணிக்கை, நன்மை மூன்றும் வேண்டும். இந்தியாவில் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவான ஐ.சி.எம்.ஆரும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2011-ல் இதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டன. 2016-ல் வந்த, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் விதிமுறைகள் ஒரு நாளைக்குச் சாப்பிடும் அளவில் குறைந்தது 10 கோடி உயிருள்ள செல்கள் என்ற அளவை வைத்தன. இதைச் சீஸ் துண்டின் கணக்குக்குக் கொண்டுவருவோம். ஒரு துண்டு 20 கிராம் என்றால் கிராமுக்கு 50 லட்சம் செல்கள் வேண்டும். அதுவும் தொழிற்சாலையை விட்டுப் புறப்படும் நாளில் இருந்தால் போதாது. சாப்பிடுகிற நாளில் இருக்க வேண்டும். இடையில் பத்தில் ஒன்பது செத்துப்போகும் என்று வைத்தால், தொடக்கத்தில் கிராமுக்கு 5 கோடி இட வேண்டும். பொட்டலத்தில் அச்சிட்ட பெயரால் இந்தக் கணக்கு மாறாது.

உருக்கிய சீஸில் இந்த எண்ணிக்கையை எட்ட மூன்று வழிகள் முயலப்படுகின்றன. முதலாவது, சூட்டுக்குச் சாகாத பாக்டீரியாவைத் தேர்ந்தெடுப்பது. பேசில்லஸ் கோயாகுலன்ஸ் என்ற வகை, நிலைமை கெடும்போது கெட்டியான ஓடு போட்டுக்கொண்டு வித்தாக உறங்கிவிடும். உருக்கும் சூடு அதை ஒன்றும் செய்யாது. 1915-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டின் பால் காரணம் தெரியாமல் திரிந்துபோனபோது, ஹேமர் என்ற ஆய்வாளர் குற்றவாளியாகக் கண்டுபிடித்தது இதைத்தான். அன்று டின் பாலைக் கெடுத்த அதே இனம் இன்று வயிற்றுப்போக்கு மாத்திரைகளில் நமது மருந்துக்கடைகளில் விற்கிறது. பழைய அட்டைகளில் லாக்டோபேசில்லஸ் ஸ்போரோஜீன்ஸ் என்ற பெயரில் பலரும் பார்த்திருப்பார்கள். ஆனால் வித்து என்பது நல்லதற்கு மட்டும் உரிய வரம் இல்லை. சோறு வெந்த பிறகும் சாகாமல் இருந்து, வெளியில் கிடக்கும் சோற்றில் முளைத்து வாந்தி வரவழைக்கும் பேசில்லஸ் சீரியஸும் வித்து போடும் இனம்தான். வித்து வழி பொய்யான வழி அல்ல. மின்சாரம் நிலையில்லாத ஊருக்கு அது உதவும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் அது மாத்திரையைச் சீஸுக்குள் ஒளித்து வைப்பதற்கு மேல் ஒன்றும் செய்வதில்லை; சீஸ் அங்கே வெறும் உறை.

இரண்டாவது வழி, பாக்டீரியாவுக்குச் சட்டை தைத்துப் போடுவது. கடற்பாசியிலிருந்து எடுக்கும் சோடியம் ஆல்ஜினேட் கரைசலில் பாக்டீரியாவைக் கலந்து, கால்சியம் குளோரைடு நீரில் சொட்டுச் சொட்டாக விட்டால், விழுந்த கணமே ஒவ்வொரு சொட்டும் ஜவ்வரிசி போல உருண்டு இறுகும். பார்க்க அழகான வேலை. கால்சியம்தான் அந்த உருண்டையைக் கட்டிப் பிடிக்கிறது. இதைப் புராசஸ்டு சீஸில் போட்டால் என்ன ஆகும்? சீஸை இளக்குவதற்காகச் சேர்த்த சிட்ரேட்டும் பாஸ்பேட்டும் கால்சியத்தைத் தேடி அலைபவை. சீஸின் புரதத்திலிருந்து அதை உருவியதுபோலவே இந்த உருண்டைகளிலிருந்தும் உருவிவிடும். சட்டை நூல் நூலாகப் பிரிந்துபோகும். ஆய்வுக்கூடத்தில் ஆல்ஜினேட் உருண்டையைக் கரைக்க வேண்டும் என்றாலே சிட்ரேட் கரைசலைத்தான் எடுப்பார்கள். ஆகவே மேலே கைட்டோசான் அல்லது கொழுப்பு என்று இரண்டாவது மேலுறை வேண்டும். ஆல்ஜினேட்டோடு மாவுச்சத்தைக் கலந்தால் பாக்டீரியா கூடுதலாகப் பிழைக்கிறது என்று சோளமாவை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நெல் நாட்டில் ஆலைக்கு ஆலை நொய் குவிகிறது. அந்த அரிசி மாவுச்சத்தைக் கொண்டு இதைச் சோதித்துப் பார்ப்பது இங்கிருப்பவர்களுக்கு இயல்பான வேலையாக இருக்கும்.

அப்படிச் சோதிக்க இடம் தஞ்சாவூரிலேயே இருக்கிறது. புதுக்கோட்டைச் சாலையில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம், நிஃப்டெம் என்று இன்று அழைக்கப்படுவது, 1967-ல் திருவாரூரின் நவீன அரிசி ஆலையில் ஓர் ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, பின்னர் நெல் பதன ஆராய்ச்சி மையமாக வளர்ந்தது. 2021-ல்தான் இப்போதைய பெயர். தொடக்க காலத்தில் அதன் பின்னால் நின்றவர் வி. சுப்பிரமணியன். மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநர் அவர். எருமைப் பாலிலிருந்து குழந்தைகளுக்கான பால் பவுடர் செய்யும் முறை அவர் காலத்தில்தான் மைசூரில் உருவாகி, அமுல் கையில் கடைத்தெருவுக்கு வந்தது. பாலில் அவ்வளவு செய்தவர் காவிரி டெல்டாவுக்கு வந்து ஈர நெல்லைக் காப்பாற்றும் வேலையில் இறங்கினார். குறுவை அறுவடை மழைக்காலத்தில் மாட்டிக்கொள்கிற மண்ணில் அதுதான் முதல் தேவை. அண்மைக் காலத்தில் அங்கே இயக்குநராக இருந்த சி. ஆனந்தராமகிருஷ்ணன், லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் பாக்டீரியாவைத் தெளித்து உறையவைத்து உலர்த்தும் முறை பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியவர்களில் ஒருவர். சூடே காட்டாமல், நுண்துளிகளாகத் தெளித்து, உறைந்த துளியிலிருந்து ஈரத்தை மட்டும் வாங்கும் முறை அது. இரைப்பையும் குடலும் செய்வதைக் கருவியில் செய்து காட்டும் செரிமான மாதிரியும் அந்த நிறுவனத்தில் உருவாக்கப்பட்டது. வாயில் போட்டது குடல்வரை உயிரோடு போகிறதா என்று பார்க்கத் தேவையான கருவி அது.

மூன்றாவது வழிதான் உறை ஊற்றும் வழி. சீஸை உருக்கி, ஏறக்குறைய எல்லாவற்றையும் கொன்று, பிறகு 45 டிகிரி அளவுக்கு ஆறவைத்து, அது இறுகிவிடுவதற்கு முன் பாக்டீரியாவைக் கலந்து, சின்னச் சின்னக் கிண்ணங்களில் வார்த்து, உடனே குளிரில் வைப்பது. கட்டியாக இறுகும் வகையை 45 டிகிரியில் கிளறுவது பாடு. எனவே தடவிச் சாப்பிடும் மென்மையான வகைதான் பொருத்தம். இந்திய விதிப்படி கட்டியான புராசஸ்டு சீஸில் ஈரம் 47 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தடவும் வகையில் 60 சதவீதம்வரை இருக்கலாம். அந்தக் கூடுதல் ஈரம் பாக்டீரியாவுக்கும் நல்லது, கெடுக்கும் பூஞ்சைக்கும் நல்லது. சூடாக வார்க்காததால் டப்பா தானாகச் சுத்தமாகாது. கலக்கும் பாத்திரம், காற்று, கை எல்லாம் அறுவை அறை அளவுக்குச் சுத்தமாக இருக்க வேண்டும். நைசின் போட முடியாது. பாஸ்பேட்டைக் குறைத்துச் சிட்ரேட்டை நம்ப வேண்டும். இவ்வளவும் செய்தபின் கிடைக்கும் பண்டம் ஆறு மாதம் நிற்காது. குளிர்பெட்டியில் சில வாரங்கள் என்றுதான் திட்டமிட வேண்டும். தொழில்காரர்கள் முகம் சுளிக்கும் இடம் இதுதான். எனக்கோ இது குறையாகவே படவில்லை. தயிர் நாளைக்குப் புளிக்கும் என்பதற்காக யாரும் தயிரைக் குறை சொல்வதில்லை. உயிர் இருப்பதால்தான் அது புளிக்கிறது.

நெல் நாட்டில் சீஸ் எதற்கு என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. டெல்டாவின் சொந்த மாடு உம்பளச்சேரி. சேற்றில் ஏர் இழுப்பதற்கென்றே வளர்ந்த இனம். வைக்கோலைத் தின்று வாழும், பால் கறப்பது சொற்பம். திருவாரூர் மாவட்டம் கொருக்கையில் அரசுப் பண்ணை வைத்து அதைக் காப்பாற்றி வருகிறார்கள். இன்று கறவைக்குக் கலப்பின மாடுகள் வந்துவிட்டன என்றாலும், பசும்பால் 10 லிட்டர் போனால்தான் 1 கிலோ சீஸ் வரும் என்ற கணக்கும், மாதக்கணக்கில் பழுக்கவைக்கும் குளிர் அறைக்கான மின்கட்டணமும் இங்கே இயற்கைச் சீஸுக்கு ஒத்துவராது. கொடைக்கானலில் சீஸ் செய்கிறார்கள் என்றால் மலைக்குளிர் கூட நிற்கிறது. ஆனால் புராசஸ்டு சீஸுக்குப் பழுக்கவைக்கும் அறை தேவையில்லை. பால் மிகுந்த இடத்தில் செய்த சீஸ் கட்டிகளை வாங்கி, உருக்கி, இங்கே உயிர் சேர்த்து, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி கடைகளுக்கு அன்றன்றே அனுப்பலாம். தூரம் குறைந்தால் ஆயுள் குறைந்ததும் உறுத்தாது.

அடுத்த மறுப்பு இன்னும் கூர்மையானது: தயிரும் மோரும் பழைய சோற்று நீராகாரமும் இருக்கும்போது இது எதற்கு? தயிரைத் தள்ளிவிட்டு இதைச் சாப்பிடுங்கள் என்று ஒருவர் சொன்னால் நான் அவர் பக்கம் நிற்க மாட்டேன். மதியம் மோர் ஊற்றிச் சாப்பிடுகிற வீட்டுக்கு இந்தச் சீஸ் தேவையே இல்லை. ஆனால் இரண்டு விஷயங்களில் சீஸுக்குத் தனி இடம் உண்டு. ஒன்று, அதன் புளிப்புக் குறைவும் கொழுப்பும் கெட்டியான புரத வலையும் இரைப்பை அமிலத்திலிருந்து பாக்டீரியாவை ஓரளவு காக்கின்றன. அயர்லாந்தின் மூர்பார்க் பால் ஆய்வு மையத்தில் 1990-களின் இறுதியில் செடார் சீஸில் லாக்டோபேசில்லஸ் பாராகேசியை இட்டுப் பார்த்தார்கள். எட்டு மாதம் பழுத்த பிறகும் அது குறையாமல் இருந்தது. பன்றிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், யோகர்ட்டைவிடச் செடார் என்டரோகாக்கஸ் ஃபீசியம் என்ற வேறொரு பாக்டீரியாவை நன்றாகக் குடலுக்குக் கொண்டுசேர்த்தது. இவை இயற்கைச் சீஸில் கிடைத்த சான்றுகள். குளிர வைத்துக் கலந்த புராசஸ்டு சீஸுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிடக் கூடாது. தனியே அளந்துதான் ஆக வேண்டும். இரண்டாவது காரணம் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. வீட்டுத் தயிரில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. பக்கத்து வீட்டு உறை மோரில் வந்த பல வகைகள் சேர்ந்து வாழும். அவற்றில் எது என்ன நன்மை செய்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. புராசஸ்டு சீஸிலோ நெருப்பு பழைய குடிகளை ஏறக்குறைய முழுதும் துடைத்துவிடுகிறது. அதன்பின் உள்ளே இருப்பது பெரும்பாலும் நாம் சேர்த்ததுதான். எந்த வகை, எத்தனை என்று தட்டில் வளர்த்து எண்ணிவிடலாம். மெய்ப்பிக்க எளிதான உணவு என்பது வாங்குகிறவருக்குச் சிறிய பாதுகாப்பு அல்ல.

உப்பைப் பற்றிய மறுப்புக்குப் பதில் சொல்ல நான் முயலப் போவதில்லை, ஏனென்றால் அது சரி. புராசஸ்டு சீஸ் 100 கிராமில் 1 கிராமுக்கு மேல் சோடியம் இருப்பது சாதாரணம். 20 கிராம் துண்டிலேயே 200 மில்லிகிராம் போய்விடும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு வைத்திருக்கும் 2 கிராம் வரம்பில் அது பத்தில் ஒரு பங்கு. ஊறுகாயும் அப்பளமும் ஏற்கெனவே தட்டில் இருக்கும் நாட்டில் இது லேசான விஷயமில்லை. எனவே இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இதை மருந்துபோல விற்பது தவறு. எப்படியும் ரொட்டியில் சீஸ் தடவித்தான் சாப்பிடுவேன் என்கிற பள்ளிப் பிள்ளையின் டிபன் டப்பாவில், செத்த சீஸுக்குப் பதில் உயிருள்ள சீஸ் இருக்கட்டும் என்பதற்கு மேல் இதற்கு இடம் தர வேண்டியதில்லை. செத்த பாக்டீரியாவும் நன்மை செய்யுமே என்று சிலர் இப்போது வாதிடுகிறார்கள். 2021-ல் பன்னாட்டு அறிஞர் குழு ஒன்று போஸ்ட்பயாட்டிக் என்று அதற்குத் தனி விளக்கமே தந்தது. செய்யட்டும். ஆனால் செத்ததைச் செத்தது என்று அட்டையில் எழுதி விற்கட்டும். புரோபயாட்டிக் என்ற பெயர் அதற்கு வேண்டாம்.

அட்டையில் என்ன இருக்க வேண்டும் என்பதில் 2011 நெறிகள் தெளிவாக இருக்கின்றன: பாக்டீரியாவின் இனமும் வகைக் குறியும், எப்படிப் பாதுகாப்பது என்பதும், ஆயுள் முடியும் நாளில் உயிரோடு இருக்கும் எண்ணிக்கையும். அந்தக் கடைசி எண்தான் எல்லாம். தஞ்சாவூர் சித்திரை வெயிலில் வண்டியிலிருந்து கடைக்கு இறங்கும் அரைமணி நேரமும், இரவில் மின்சாரம் மிச்சம் பிடிக்க ஃப்ரிட்ஜை அணைக்கிற பழக்கமும் அந்த எண்ணிலிருந்து கழியும். அதைக் கண்டுபிடிப்பது எட்டாத வித்தையும் அல்ல. கடையில் கடைசி நாளில் இருக்கும் கிண்ணத்திலிருந்து 10 கிராம் எடுத்து, 90 மில்லி வெதுவெதுப்பான சோடியம் சிட்ரேட் கரைசலில் அடித்துக் கரைக்க வேண்டும். புராசஸ்டு சீஸ் பிறக்கக் காரணமான அதே உப்பு, இங்கே பாக்டீரியாவை அதிலிருந்து விடுவிக்க வருகிறது. அதைப் பத்து மடங்காக நீர்க்க வைத்து, மறுபடி பத்து மடங்கு என்று, அந்த முதல் கரைசலையும் ஒரு படியாகச் சேர்த்து ஐந்தாவது படிவரை போய், அதிலிருந்து 1 மில்லியைப் பாக்டீரியா வளரும் ஊட்டக் கூழோடு தட்டில் ஊற்றி, 37 டிகிரியில் மூன்று நாள் வைத்தால், உயிரோடிருந்த ஒவ்வொரு செல்லும் கண்ணுக்குத் தெரியும் வெள்ளைப் புள்ளியாக வளர்ந்திருக்கும். 50 புள்ளிகள் இருந்தால் கிராமுக்கு 50 லட்சம். அட்டையில் போட்டது உண்மை. 5 புள்ளிகள்தான் என்றால் அடுத்த முறை அச்சடிக்கும்போது காலாவதித் தேதியை முன்னுக்கு இழுக்க வேண்டியதுதான்.